பரணில் கிடந்த கிரைண்டரும் மூன்றாவது ஈடு இட்லியும்

போன ஞாயிறு காலை இட்லி வைத்தேன். முதல் ஈடு போனது, இரண்டாவது ஈடும் போனது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் பாராட்டு, சரியில்லை என்றால்தான் "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேள்வி வரும். மூன்றாவது ஈடு எப்போது என்று பையன் அடுப்படிக்கே வந்து எட்டிப் பார்த்தான். அப்போதுதான் கிரைண்டர் ரிப்பேர் வேலை முடிந்துவிட்டது என்று எனக்கே பட்டது. ஆகஸ்டில் தொடங்கிய வேலை, அக்டோபர் நடுவில் முடிந்திருக்கிறது. நடுவில் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதிவைக்கிறேன், மறுபடி கெட்டால் எனக்கே தேவைப்படும்.

தொடங்கியது இவருடைய டைரியில். கல்யாணமான மாதத்திலிருந்து வீட்டுச் செலவை எழுதி வருகிறார். மாதக் கடைசியில் கூட்டுவார். ஜூலைக் கணக்கில் "மாவு 450" என்று இருந்தது. தெருமுனைக் கடையில் ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய், வாரத்துக்கு இரண்டு, யாராவது வந்தால் மூன்று. "பரண்ல கிரைண்டர், கடைல மாவு" என்றார், டைரியைப் பார்த்துக்கொண்டே. எனக்குச் சுருக்கென்றது. "அரைக்கிறது யாரு, கழுவுறது யாரு?" என்று கேட்டேன். அன்றைக்கு ராத்திரி அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் மனசுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிரைண்டர் நின்றபோது எனக்கு வருத்தமே வரவில்லை. உருளைக் கல்லைத் தூக்கித் தூக்கிக் கழுவும் வேலை விட்டது என்று உள்ளூரச் சந்தோஷம். ரிப்பேர் பார்க்கலாம் என்று நானும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டோம்.

அது அத்தை சீட்டுப் பணத்தில் வாங்கியது. கோயம்புத்தூர் தயாரிப்பு, மேஜை மேல் வைக்கிற 2 லிட்டர் வகை, உள்ளே இரண்டு உருளைக் கல். மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். நாங்கள் பெரம்பூரில் வாடகை வீட்டில் இரண்டாவது மாடி. ஒரு சனிக்கிழமை இவர் ஸ்டூலில் ஏறி இறக்கிக் கொடுத்தார், நான் கீழே நின்று வாங்கினேன். வாங்கும்போது வீட்டுக்காரம்மா மேலே வந்து, "என்னம்மா, காலி பண்றீங்களா?" என்று பதறிப் போனார்.

துடைத்து பிளக்கைச் சொருகினேன். ஓடவில்லை, 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. பத்து விநாடியில் அணைத்துவிட்டேன்.

இங்கே முதல் தப்பு. பக்கத்துத் தெருவில் மோட்டார் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தோம். அவரும் சுவிட்சைப் போட்டு முனகலைக் கேட்டார், மூடியைத் திறக்கவே இல்லை. "காயில் போயிடுச்சுக்கா, கட்டணும். 1,600 ஆகும்" என்றார். வந்து பார்த்ததற்கு 150 ரூபாய். இவர் உடனே மனக்கணக்கு போட்டு, "1,600 குடுத்துப் பழசைக் கட்டுறதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். ஒரு வாரம் அது ஹாலில் மூலையில் கிடந்தது. பையன் அதன்மேல் ஸ்கூல் பையை வைக்கப் பழகிவிட்டான்.

விடை எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. போன கோடையில் ஹால் ஃபேன் இப்படித்தான் முனகியது. குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் சுற்றும். அப்போது எலக்ட்ரீஷியன், மோட்டார் கிளம்ப உதவுகிற கண்டன்சர் ஒன்றை மாற்றிவிட்டுப் போனார், ஐந்து நிமிஷ வேலை. கிரைண்டர் மோட்டாரும் அதே ஜாதிதான். சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று உருளைக் கல்லை வெளியே எடுத்தேன். வெறும் பாத்திரம், சுவிட்சை இவர் போட, நான் பாத்திரத்தின் விளிம்பைக் கையால் ஒரு சுற்றுத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன். ஓடியது! காயில் எரிந்திருந்தால் இப்படி அமைதியாக ஓடாது, வாடை வரும். இதைச் செய்கிறவர்கள் புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நான் முந்தானையை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன்.

பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பக்கவாட்டில் சாய்த்து, அடிமூடியைத் திறந்தேன். நாலு ஸ்டார் ஸ்குரூ, அதில் ஒன்று துருப்பிடித்து இறுகி இருந்தது. மூன்று சுலபமாக வந்தன. துருப்பிடித்ததில் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். அப்படியும் அவசரப்பட்டுத் திருகி அதன் தலையைக் கெடுத்துவிட்டேன். ஸ்குரூடிரைவர் தலையில் ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகியதும் அது பிடித்துக்கொண்டது. இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பாட்டில் மூடி திறக்கிற புத்தி.

உள்ளே வெள்ளை டப்பி போல, கட்டை விரல் அளவில் கண்டன்சர். அதன்மேல் 4 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டன்சரின் அளவு), 440 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. அடியில் லேசாக உப்பியிருந்தது. தொடுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூடிரைவரால் அதன் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டுவிட வேண்டும், தேங்கிய கரண்ட் இருந்தால் போய்விடும். நாலு வருஷம் சும்மா கிடந்தது என்றாலும், கொஞ்சம் முன்னால்தான் ஓட்டிப் பார்த்திருந்தோமே. ஒயரைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இந்த வகைக் கண்டன்சருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது, இரண்டு ஒயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒன்றுதான். அதே 4 எம்எஃப்டி கேட்டு வாங்கியதில் 90 ரூபாய் ஆனது. கடைக்காரர் "5 இருக்கு, போட்டா ஸ்பீடா ஓடும்" என்று நீட்டினார், வேண்டாம் என்றேன். மோட்டார் தானாக எழுந்து ஓடியது. இவர் டைரியில் 1,600-ஐ எழுதி அடித்து, 90 என்று எழுதினார். அந்த அடித்தலை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. உளுந்து போட்டு ஓட விட்டேன். மோட்டார் ஓடுகிறது, பாத்திரம் நின்றுவிட்டது. ரப்பர் எரிகிற வாடை. மறுபடி சாய்த்துப் பார்த்தால், பெல்ட் பாளம் பாளமாக வெடித்து, கீழே கறுப்புப் பொடி. கண்டன்சர் மாற்றும்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும். டப்பி கிடைத்த மகிழ்ச்சியில் பக்கத்தில் இருந்ததைப் பார்க்காமல் மூடிவிட்டேன். பாதி அரைந்த உளுந்தை மிக்சியில் போட்டு முடித்தேன்.

பெல்ட்டில் எண் அழிந்திருந்தது. தையல் டேப்பைப் பழைய பெல்ட்டின் வெளிப்பக்கம் சுற்றி அளந்தேன், 28 அங்குலம். பெல்ட் வாங்கப் பாரிமுனை போனேன். போக வர பிங்க் பஸ், 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் இந்தக் கணக்கில் வண்டிச் செலவு பூஜ்யம். கடைக்காரர், "உள்ளளவா, வெளியளவா?" என்று கேட்டார். அப்படி இரண்டு அளவு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "அளவு 28" என்று மட்டும் சொன்னேன். 120 ரூபாய். வீட்டில் மாட்டினால் தொளதொள. மோட்டாரை நகர்த்துகிற துவாரத்தின் கோடி வரை இழுத்துப் போல்ட்டை இறுக்கியும் விரலால் அழுத்தினால் பெல்ட் அடுத்த பக்கம் வரை போகிறது. பழைய பெல்ட் வருஷக்கணக்கில் ஓடி நீண்டிருக்கிறது. நான் நீண்டதை அளந்திருக்கிறேன், அதுவும் வெளியே. ஓட்டிப் பார்த்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. அது இப்போது பால்கனியில் பாய் சுருட்டிக் கட்டப் பயன்படுகிறது.

இரண்டாவது தடவை முறையாகச் செய்தேன். மோட்டாரைத் துவாரத்தின் நடுவில் நிறுத்தி, சணல் கயிற்றைச் சின்னச் சக்கரம், பெரிய சக்கரம் இரண்டின் பள்ளத்திலும் சுற்றி இறுக்கிப் பிடித்து, சேருகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். கயிற்றைப் பிரித்து அளந்தால் 26. "உள்ளளவு 26" என்று கேட்டேன், 140 ரூபாய். மாட்டியதும், பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் மட்டும் இறங்கும்படி மோட்டாரை நகர்த்திப் போல்ட்டை இறுக்கினேன். 10 நம்பர் ஸ்பேனர் கீழ்வீட்டில் இரவல். ரொம்ப இறுக்கினால் மோட்டாரின் பேரிங் தேயும், தளர்வாக விட்டால் வழுக்கும். இவர் டார்ச் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டார்ச் பிடிப்பவருக்கு எப்போதும் யோசனை அதிகம்.

இப்போது நிற்காமல் ஓடியது. ஆனால் உளுந்து ஐம்பது நிமிஷம் அரைத்தும் நறநறவென்று இருந்தது, மாவும் சூடாகிவிட்டது. கல்லை விரலால் தடவினால் கண்ணாடி போல வழவழப்பு. எங்கள் தெருவில் மாதம் ஒரு தடவை "அம்மி கொத்தறது, கிரைண்டர் கல்லு கொத்தறது" என்று குரல் வரும். நாங்கள் தேடும்போது வரவில்லை, இரண்டு வாரம் காத்திருந்தோம். வந்த பெரியவர் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, அடிக்கல்லிலும் உருளை இரண்டிலும் உளியால் கொத்தினார். முக்கால் மணி நேரம். உளியின் சத்தத்தை வைத்தே எங்கே கொத்தியாயிற்று, எங்கே இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. 300 கேட்டார், 250-க்கு ஒத்துக்கொண்டார், ஒரு டம்ளர் காபியும். "ரொம்ப ஆழமாக் கொத்தினா மாவு கல்லுலயே தங்கிடும், நாறும்" என்றார். உடைந்துபோன மாவு வழிக்கிற பிளாஸ்டிக் தகட்டுக்கும் அவரிடமே விலாசம் கேட்டு வாங்கினேன், 70 ரூபாய்.

கொத்தியதும் நேராகச் சாப்பாட்டு மாவு அரைக்கக் கூடாது. கல்பொடி வரும். ஒரு கை நொய் அரிசியை ஊறவைத்து அரைத்துக் கொட்டினேன், சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டாவது தடவையும் கொஞ்சம் சாம்பல். மூன்றாவது தடவை வெள்ளையாக வந்ததும்தான் உளுந்தைப் போட்டேன்.

இனி மாவு. இதில்தான் எனக்கு ரிப்பேரை விட அதிக அவமானம், பதினாறு வருஷமாக இட்லி வைக்கிறவள் நான். முதல் ஈடு இட்லி தட்டிலிருந்து விழுந்து பாத்திரத்தில் 'டங்' என்றது. காரணம் உளுந்து. மூன்று மணி நேரம் ஊறவைத்திருந்தேன், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஊறப்போடுகிற அவசரம். அத்தையிடம் போனில் சொன்னபோது சிரித்துவிட்டு, "அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்து முக்கால் மணி நேரம் போதும், ஃப்ரிட்ஜுல வச்சு ஊறவை, தண்ணியும் சில்லுனு ஊத்து, மாவு சூடாகாது" என்றார். முதலில் உளுந்து, அப்புறம் அரிசி. உளுந்தில் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கையால் தெளித்துத் தெளித்து முப்பது நிமிஷம். ஒரு கிண்ணம் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவைப் போட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் இன்னும் ஐந்து நிமிஷம்.

அளவு: எங்கள் சில்வர் டம்ளரில் ரேஷன் புழுங்கல் அரிசி மூன்று, இட்லி அரிசி ஒன்று, முழு உளுந்து தலை தட்டாமல் ஒன்று, வெந்தயம் ஒரு டீஸ்பூன். ரேஷன் அரிசி மட்டும் போட்டால் மாவு கொஞ்சம் பிசுபிசுக்கிறது, இட்லி அமுங்குகிறது. இட்லி அரிசி ஒரு டம்ளர் அதைச் சரிசெய்துவிடுகிறது. அரிசியைக் கழுவும்போது வெளுத்த சில அரிசிகள் மேலே மிதந்தன. இவர் எட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக் அரிசி" என்று போனில் யாரோ அனுப்பியதைக் காட்டினார். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் செய்து ரேஷன் அரிசியில் சேர்த்திருந்தார்கள். கொட்ட வேண்டாம், மற்ற அரிசியோடு சேர்ந்து அரைந்துவிடுகிறது. இவர் அந்த வீடியோவை அழிக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் காட்டவும் இல்லை.

அரிசியை ரொம்ப நைசாக அரைக்க வேண்டாம், விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை தெரிய வேண்டும். இருபது நிமிஷம். கல்லுப்பு போட்டுக் கையால் கலக்கினேன். புளிப்பு எவ்வளவு நேரம் என்பதற்குச் சென்னையில் ஒரே பதில் கிடையாது. ஆகஸ்டில் ராத்திரி பத்து மணிக்குக் கரைத்த மாவு காலை நாலு மணிக்கே பொங்கி மூடியைத் தூக்கி மேடையில் வழிந்தது. அக்டோபரில் மழை பிடித்ததும் அதே மாவு காலை ஏழு மணிக்கும் அசையாமல் கிடந்தது. இப்போது மழை நாளில் பாத்திரத்தை வெறும் அடுப்பின்மேல், விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன், அங்கே கொஞ்சம் கதகதப்பு.

கெட்ட ஈடுகளை வீணாக்கவில்லை. டங் என்ற இட்லியை உதிர்த்து, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து இட்லி உப்புமா. வழிந்து புளித்துப்போன மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். பாத்திரத்தைக் கழுவுகிற முதல் டம்ளர் தண்ணீரைக் கொட்டாமல் தோசை மாவைக் கரைக்க வைத்துக்கொள்கிறேன். அன்றைக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு என்றால் தோலை வதக்கித் துவையல், தேங்காய் மிச்சம்.

டைரிக் கணக்கு: ஆள் வந்து பார்த்தது 150, கண்டன்சர் 90, தப்பான பெல்ட் 120, சரியான பெல்ட் 140, கல் கொத்தியது 250, பிளாஸ்டிக் தகடு 70, துரு தேய்க்க உப்புத்தாள் 15. மொத்தம் 835. அதில் 270 என் அவசரத்துக்கான விலை. ஒரு தடவை அரைத்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் மாவு வருகிறது. உளுந்துக்கு 25 ரூபாய், இட்லி அரிசிக்கு 9, உப்பு வெந்தயத்துக்கு 2, ஆக 36. ரேஷன் அரிசி விலையில்லை. கிரைண்டர் 150 வாட், ஐம்பது நிமிஷம் ஓடினால் எட்டில் ஒரு யூனிட், அதைப் போட்டுக் கணக்கைக் குழப்பவில்லை. கடையில் இதே மாவு 100 ரூபாய்க்கு வாங்கியிருப்போம். வாரத்துக்கு 64 மிச்சம் என்றால், போட்ட காசு திரும்பப் பதின்மூன்று வாரம், அதாவது பொங்கல் வரைக்கும். இவர் அதை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

திரும்பவும் செய்தால் முதலில் எதையும் வாங்க மாட்டேன். மூடியைத் திறந்து கண்டன்சர், பெல்ட், கல் மூன்றையும் ஒரே உட்காரலில் பார்த்து, ஒரே தடவையில் பாரிமுனை போய் வருவேன். கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். கல் கொத்துகிறவருக்காகக் காத்திருந்த இரண்டு வாரத்தில் மற்றதை முடித்திருக்கலாம்.

கழுவுகிற விஷயத்தை மட்டும் ரிப்பேருக்கு முன்னாலேயே பேசியிருக்க வேண்டும். பெல்ட் மாட்டிய அன்று ராத்திரி நானே ஆரம்பித்தேன்: அரைப்பது நான், உருளைக் கல்லைத் தூக்கிக் கழுவுவது நீங்கள். "சரி" என்றார், டைரியிலிருந்து தலையைத் தூக்காமல். முதல் வாரம் கல் இடுக்கில் மாவு அப்படியே காய்ந்திருந்தது. பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், சொல்லிக் காட்டவில்லை. நேற்று ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறையில் தண்ணீர்ச் சத்தம், கூடவே 'டொக்' என்று கல் சிங்க்கில் மோதுகிற சத்தம். "ஏங்க, பார்த்து, சிங்க் வீட்டுக்காரம்மாவுது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

ஓடும்போது இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாக 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. உருளையின் நைலான் புஷ் (உள்ளே இருக்கும் வளையம்) தேய்ந்திருக்கும் என்பது என் கணக்கு, தரை சமமில்லை என்பது இவர் கணக்கு. இன்றைக்குக் காலையில் இவர் அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். சத்தம் போகவில்லை. சனிக்கிழமை திறக்கப்போகிறேன், டார்ச்சுக்குப் புது செல் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.